கூலிக்கு நாலு பேர்

கொல்லிமலைக்கு நான் முதல் தடவை ஏறியது நாலு பேர் தோளில். நோய் நொடி எதுவும் இல்லை. வயது இருபத்தெட்டு, கால்கள் இரண்டும் இருக்கவேண்டிய இடத்தில் இருந்தன. சேலத்தில் புதிதாக வாங்கிய பூட்ஸ் குதிகாலைக் கடித்துவிட்டது, அவ்வளவுதான். பூட்ஸைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு நடந்திருக்கலாமே என்பது இந்த இருபது வருஷத்தில் பல தடவை தோன்றியிருக்கிறது. அன்றைக்குத் தோன்றவில்லை. மூங்கிலில் கட்டித் தொங்கவிட்ட நாற்காலியில் சாய்ந்துகொண்டு, உழைப்பின் மேன்மையைப் பற்றிய ஓர் ஆங்கிலப் புத்தகத்தைப் படித்துக்கொண்டே போனேன். நல்ல புத்தகம். ஏற்றம் செங்குத்தான இடங்களில் எழுத்து ஆடிற்று. "கொஞ்சம் மெதுவாகப் போங்கள்" என்றேன். தூக்கிக்கொண்டிருந்தவர்கள் அதை இரக்கம் என்று எடுத்துக்கொண்டு, "சாமி நல்லா இருக்கோணும்" என்று வாழ்த்தினார்கள். அந்த வாழ்த்தையும் வாங்கிப் போட்டுக்கொண்டேன்.

இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. இப்போது சொல்வதற்குக் காரணம், அடுத்துச் சொல்லப்போவதன் பக்கத்தில் வைத்தால் இது ஒரு வெட்கமாகவே தெரியாது என்பதுதான்.

அகராதி தயாரிக்கும் நண்பர் ஒருவர் எனக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். மலைநாட்டு வழக்குகள் எல்லாம் எனக்குத் தெரியும் என்று அவருக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள். யாரோ என்ன, நானே சொல்லியிருப்பேன். 'கூலி' என்ற சொல்லுக்குக் கொல்லிமலையில் தனிப்பட்ட பொருளோ வழக்கோ உண்டா, உண்டென்றால் ஒரு கார்டில் எழுதிப் போட்டால் போதும் என்கிறார். யுத்த காலம், காகிதம் கிடைப்பதில்லை. ஒரு கார்டு எழுத உட்கார்ந்துதான் இத்தனை காகிதம் செலவாகியிருக்கிறது.

நான் அப்போது நிலம் அளக்கும் ஆபீசில் குமாஸ்தா. ஆபீசர் சேலத்தில் இருப்பார். வருஷத்துக்கு இரண்டு முறை மலைக்கு வருவார். மற்ற நாளெல்லாம் அரியூர் நாட்டில் ஒரு சின்ன ஊரில், புல் வேய்ந்த ஒரு குடிசையை ஆபீசு என்று சொல்லிக்கொண்டு நானும் என் காகிதங்களும் இருப்போம். முதல் நாள் அந்த ஊர் எல்லையில் டோலியை இறக்கியதும், தூக்கி வந்தவர்களில் மூத்தவரிடம் பணத்தை நீட்டினேன். அவர் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டார்.

"ஆபீசு டோலிக்கு ஏதுங்க சாமி கூலி?"

"பிறகு?"

"வெட்டிங்க."

வெட்டி என்றால் இதுதான்: ஆபீசிலிருந்து ஆள் கேட்டால் வீட்டுக்கு ஒருவர் முறைவைத்து வரவேண்டும். ஏரைப் பாதிச் சாலில் நிறுத்திவிட்டும் வரவேண்டும். சுமக்கச் சொன்னதைச் சுமக்கவேண்டும். கொடுப்பது ஒன்றும் கிடையாது. கேட்கவும் கூடாது. மறுநாள் விசாரித்தபோது, கையைப் பின்னால் மறைத்துக்கொண்ட அந்த மூத்தவர்தான் அந்த ஊருக்கே கவுண்டர் என்று தெரிந்தது. ஊருக்குத் தலைவர் எவரோ அவர் தோளில் உட்கார்ந்து ஊருக்குள் நுழைந்திருக்கிறேன், கையில் உழைப்பின் மேன்மையுடன்.

எனக்கு அன்று இரத்தம் கொதித்தது. இருபத்தெட்டு வயதில் இரத்தத்துக்கு வேறு வேலை என்ன? பத்து மாதம் விடாமல் சேலத்துக்கு மனு எழுதினேன். ஆபீசர் நல்ல மனிதர். என் மனுக்களைப் படிக்கும் சிரமத்தைவிடக் கூலி கொடுப்பது சுலபம் என்று கண்டு, இனி ஆபீசு வேலைக்கு வருகிறவர்களுக்குக் கூலி உண்டு என்று உத்தரவு அனுப்பிவிட்டார்.

உத்தரவு வந்த அன்று ஊரார் எல்லோரையும் கோயில் முன்பு இருந்த பலா மரத்தடிக்கு வரவழைத்துப் பேசினேன். அதற்கு முன்பும் அவர்கள் வாயில் கூலி என்ற சொல் உண்டு. ஆனால் அது மலைக்குக் கீழே நடக்கும் காரியத்தின் பெயர். விளைச்சல் பொய்த்த வருஷத்தில் அடிவாரத்துக்கு இறங்கி, முகம் தெரியாத யாரோ ஒருவர் வயலில் அறுக்கப் போவதுதான் 'கூலிக்குப் போறது'. மேலே ஒருவர் காட்டில் ஒருவர் வேலை செய்தால், அவர் காட்டில் இவர் ஒரு நாள் செய்வார். அதற்கு அவர்கள் பெயர் எதுவும் வைத்திருக்கவில்லை. மூச்சு விடுவதற்கு யாரும் தனியாகப் பெயர் வைத்துக் கூட்டம் போடமாட்டார்கள் அல்லவா? நான் கூட்டம் போட்டேன்.

கூலி வாங்குவதில் கௌரவக் குறைவு இல்லை என்றேன். வெட்டியில் நீங்கள் ஆபீசுக்கு அடிமை, கூலியில் ஆபீசும் நீங்களும் சமம் என்றேன். பிறகு, இத்தனைக்கும் சிகரமாக, "வெட்டி என்றால் வரமாட்டேன் என்று சொல்ல முடியாது. கூலி என்றால் சொல்லலாம். இஷ்டமிருந்தால் வரலாம், இல்லாவிட்டால் நிற்கலாம். கூலி என்பதன் அர்த்தமே அதுதான்" என்றேன்.

கவுண்டர் வெகு நேரம் யோசித்தார். பிறகு எழுந்து நின்று கேட்டார்:

"அப்ப, காப்புக் கட்டுன நாள்ல வரமாட்டோம்னு சொல்லலாமுங்களா?"

சாமை விதைக்கும் முன்னால் அவர்கள் சாமிக்குக் காப்புக் கட்டுவார்கள். மஞ்சள் நூலை மணிக்கட்டில் கட்டிக்கொண்டால், ஐந்தாம் நாள் விடியற்காலையில் அவிழ்க்கும் வரை ஊர் எல்லையைத் தாண்டி யாரும் வேலைக்குப் போவதில்லை. வெளிச் சோறு உண்பவர்கள் வீட்டுக்குள் நுழைவதும் இல்லை. நான் வருவதற்கு இரண்டு வருஷம் முன்பு, காப்புக் கட்டியிருந்த நாளில் ஆபீசிலிருந்து டோலிக்கு ஆள் கேட்டிருக்கிறார்கள். கவுண்டரே நூலை அறுத்துப் போட்டுவிட்டுத் தூக்கப் போயிருக்கிறார். அந்த வருஷம் சாமை முழுவதும் பதராகப் போய்விட்டதாம். "சாமி கோவிச்சுக்கிச்சுங்க. கோவிச்சுக்காம என்னங்க பண்ணும்?" என்றார். அதைச் சொல்லும்போது அவர் தன் வலது மணிக்கட்டை இடது கையால் மூடிக்கொண்டிருந்தார்.

"தாராளமாகச் சொல்லலாம்" என்றேன். "ஆபீசரே வந்து கேட்டாலும் சொல்லலாம். நான் கேட்டாலும் சொல்லலாம்."

"நீங்க கேட்டாலுமுங்களா!" என்று யாரோ பின்னாலிருந்து சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அன்று ஆபீசுக் குடிசைக்குத் திரும்பி என் நோட்டுப் புத்தகத்தை எடுத்தேன். மலையில் கேட்கும் சொற்களை அதில் அகர வரிசையில் எழுதி வந்தேன். ஒவ்வொன்றுக்கும் எதிரே பொருள், வழக்கு, என் சொந்த அபிப்பிராயம். அபிப்பிராயத்துக்குத்தான் இடம் எப்போதும் போதாது. 'கூலி' என்ற சொல்லுக்கு எதிரே, "எல்லோரும் அறிந்த சொல், விளக்கம் வேண்டுவதில்லை" என்று எழுதி, மையொற்றுத் தாளை வைத்து அழுத்தினேன்.

அடுத்த ஐப்பசி மாதம் எனக்குக் கலியாணம் ஆயிற்று. மலைக்காய்ச்சல் என்று சொல்லி என் மாமனார் வீட்டில் பெண்ணை அனுப்பத் தயங்கினார்கள். காய்ச்சலைப் பற்றியும் நான் ஒரு புத்தகம் படித்திருந்தேன். ஆகவே அனுப்பினார்கள். என் மனைவி அடிவாரத்திலிருந்து ஊர் வரைக்கும் நடந்தே ஏறினாள். டோலி சொல்லட்டுமா என்று கேட்டதற்கு, "காலு இருக்குதில்லீங்க" என்றாள். வேறு ஏதும் உள்ளர்த்தம் வைத்துச் சொன்னாள் என்று நினைக்கவில்லை. என் பூட்ஸ் கதை அவளுக்குத் தெரியாது.

அவளுக்கு ஊர் உடனே பிடித்துப்போயிற்று. கவுண்டர் வீட்டு அம்மாள் தினமும் ஒரு தடவை வந்து வேலிக்கு அப்பால் நின்று, "கண்ணு, என்ன பண்றே?" என்று குரல் கொடுப்பாள். தேன் வரும், பலாச்சுளை வரும், மடியில் கட்டிய கீரை வரும். என் மனைவி உண்டாகியிருக்கிறாள் என்பது எனக்குத் தெரிவதற்கு முன்பே அந்த அம்மாளுக்குத் தெரிந்துவிட்டது. ஒன்பதாம் மாதம் பிறந்த வீட்டுக்கு அனுப்புவது என்று ஏற்பாடு.

எட்டாம் மாதத்தில் ஊரில் காப்புக் கட்டினார்கள். நாங்கள் வெளிச் சோறு உண்பவர்கள். எனவே காப்புக் கட்டிய அன்றிலிருந்து கவுண்டர் வீட்டு அம்மாள் எங்கள் பக்கம் வரவில்லை. "அஞ்சு நாளைக்குத்தான் கண்ணு, அப்பறம் வாரேன்" என்று தடத்திலிருந்தே சொல்லிவிட்டுப் போனாள். அதற்கு அடுத்த நாள் என் மனைவிக்குக் காய்ச்சல் கண்டது. ஒரு நாள் விட்டது, மறுபடி வந்தது. காப்புக் கட்டிய நான்காம் நாள் காலையில் எழுந்து உட்கார்ந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு, "ஏனுங்க, கீழ போயிரலாமுங்க. உடம்பு என்னமோ பண்ணுது" என்றாள். எதையும் கேட்டுப் பழக்கமில்லாதவள் கேட்டாள்.

நான் வெளியே வந்தேன். கவுண்டரும் மூன்று பேரும் சுனையிலிருந்து பூசைக்குத் தண்ணீர் எடுத்துக்கொண்டு, ஈர வேட்டியுடன் எங்கள் வேலி ஓரமாகப் போய்க்கொண்டிருந்தார்கள். கூப்பிட்டேன். நின்றார்கள்.

"கவுண்டரே, கீழே போக ஒரு டோலி வேண்டும். இன்றைக்கே. கூலிக்கு நாலு பேர் வேண்டும்."

நான்கு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"வழக்கமான கூலிக்கு மேலேயே தருகிறேன்" என்றேன். பலா மரத்தடியில் பேசிய குரல் எனக்குத் தானாகவே வந்துவிட்டது.

கவுண்டர் குடத்தைத் தோள் மாற்றிக்கொண்டு, வலது கையை உயர்த்தி மணிக்கட்டைக் காட்டினார். மஞ்சள் நூல் நனைந்து ஒட்டிக்கொண்டிருந்தது. அவர் முகத்தில் பயமும் சந்தோஷமும் சேர்ந்து இருந்தன. ஒப்பிக்கச் சொன்ன பாடம் தப்பில்லாமல் வரவேண்டுமே என்று நிற்கிறவர்களின் முகம் அது.

"காப்புக் கட்டியிருக்குதுங்க சாமி. நீங்கதானுங்களே சொன்னீங்க, கூலின்னா வரமாட்டோம்னு சொல்லலாம்னு. அதுதான்... இன்னைக்கு வரமாட்டோமுங்க."

"மொத மொதலாச் சொல்றோமுங்க" என்றார் இன்னொருவர். "கை காலெல்லாம் நடுங்குதுங்க."

"உனக்குக் குடத்துக் கனத்துல நடுங்குது. சாமி மேல ஏன் போடறே?" என்றார் பக்கத்தில் நின்றவர். சிரித்தார்கள். பிறகு நால்வரும் என் முகத்தைப் பார்த்தார்கள்.

அந்த இடத்தில் நான் சொல்லியிருக்கவேண்டியது மூன்று சொல். 'அவளுக்கு உடம்பு சரியில்லை.' அதைச் சொல்லாமல் இருந்ததற்கு அன்றைக்கு என்னிடம் உயர்ந்த காரணம் இருந்தது. மனைவியின் காய்ச்சலைச் சொல்லிக் கேட்டால் அவர்கள் மறுக்க முடியாது. மறுக்க முடியாதபடி கேட்டால் அது கூலி ஆகாது, வேறு பெயரில் வெட்டி. ஆயுளில் முதல் தடவையாக 'மாட்டோம்' என்று சொன்னவர்கள் வாயை நானே அடைக்கலாமா? இவ்வளவும் அந்த ஒரு நிமிஷத்தில் யோசித்தேன். நிரம்பப் படித்தவர்களுக்கு இந்த வேகம் கைவந்துவிடும். இன்னொரு காரணமும் இருந்தது. அது அவ்வளவு உயர்ந்ததல்ல. காய்ச்சலுக்குப் பயப்படுவது மூட நம்பிக்கை என்று அவர்களிடம்தான் ஒரு தடவை நான் பேசியிருந்தேன்.

"சரி. உங்கள் இஷ்டம். அதுதான் நியாயம்" என்றேன்.

"கோவமில்லீங்களே?"

"கோபமா? எனக்கு ரொம்பச் சந்தோஷம்."

அவர்கள் இரண்டடி போனார்கள். கவுண்டர் மட்டும் திரும்பி வந்து, வேலியில் கை வைத்து, குரலைத் தாழ்த்திக் கேட்டார். "அவசரமுங்களா சாமி? ஏதாச்சும் அவசரம்னாச் சொல்லீருங்க."

"அவசரம் ஒன்றுமில்லை. நாளைக்குக் காலையில் வந்தால் போதும்."

"விடியறதுக்கு முன்னால காப்பை அவுத்துட்டு, விடிஞ்சதும் இங்க நிப்போமுங்க" என்றார். நல்லபடியாகத்தான் சொன்னார். நல்லபடியாகத்தான் நின்றார்கள்.

நான் நேரே ஆபீசுக் குடிசைக்குப் போய், கூலி என்ற ஏற்பாடு ஒரே வருஷத்தில் மலைக்குடிகளுக்கு மறுக்கும் உரிமையைத் தந்திருப்பது பற்றி ஆபீசருக்கு நீண்ட குறிப்பு ஒன்று எழுதினேன். நடை நன்றாக அமைந்தது. உச்சிப்பொழுதில் வீட்டுக்கு வந்து, "நாளைக்குக் காலையில் ஏற்பாடு பண்ணியிருக்கிறேன்" என்றேன். அவள் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். "சரீங்க" என்றாள். அதன் பிறகு காய்ச்சல் ஏறிக்கொண்டே போயிற்று. இடுப்பு வலிக்கிறது என்றாள். கோயிலில் மேளம் அடித்துக்கொண்டிருந்தார்கள். அந்த இரவைப் பற்றி எழுத நான் உட்காரவில்லை.

விடிந்ததும் நாலு பேரும் மூங்கிலும் நாற்காலியும் கம்பளியுமாக வேலி ஓரம் வந்து நின்றார்கள். மணிக்கட்டுகளில் நூல் இல்லை; மஞ்சள் தடம் மட்டும் இருந்தது. பண்டிகை முடிந்த களிப்பில் இருந்தார்கள்.

"சாமிக்கு மறுபடியும் பூட்சு கடிச்சிருச்சுங்களா?" என்று ஒருவர் கேட்டார். அவருக்கு மறக்கவில்லை.

நான் உள்ளே போய் என் மனைவியைத் தாங்கிக்கொண்டு வாசலுக்கு வந்தேன். அவளால் நிற்க முடியவில்லை. கவுண்டர் மூங்கிலைக் கீழே போட்டார். போட்ட சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

"அம்மாளுக்குங்களா?" என்றார். "எப்பருந்துங்க?"

"மூன்று நாளாக."

"நேத்துக் கேட்டனேங்க."

"காப்புக் கட்டியிருந்தீர்கள்..."

"சீக்குக்கும் சாவுக்கும் ஏதுங்க காப்பு?" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. விளங்காமல் சொன்னார். "கூலிக்குத்தானுங்க காப்பு."

அதன் பிறகு என்னிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. கவுண்டர் கோயில் பக்கம் திரும்பி ஒரு குரல் கொடுத்தார். நாலு பேர் எட்டுப் பேரானார்கள், எட்டு பன்னிரண்டாயிற்று. நாற்காலியை அவிழ்த்து எறிந்துவிட்டுக் கம்பளியைத் தூளியாகக் கட்டினார்கள். கவுண்டர் வீட்டு அம்மாள் மாவுக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டே ஓடி வந்தாள். என் மனைவியின் நெற்றியைத் தொட்டாள், வயிற்றைத் தொட்டாள், என்னைப் பார்த்தாள்.

"புள்ளத்தாச்சி ஊட்டுக்குள்ள காய்ச்சல்ல கெடக்கறா. இவன் வாசல்ல நின்னு கூலி பேசியிருக்கறான்!"

அந்த மலையில் இருந்த வருஷங்களில் என்னை 'ங்க' போடாமல் பேசியது அந்த ஒரு வாய்தான். யாரும் அவளை அடக்கவில்லை. நானும் அது சரியாக இருக்கிறது என்றுதான் நினைத்தேன்.

ஆடிச் சாரல் பெய்து பாதைக் கல்லெல்லாம் வழுக்கிற்று. சுமை இறக்கி இளைப்பாறுவதற்கென்று வழியில் சில மேடைக்கற்கள் உண்டு. ஒன்றிலும் அவர்கள் நிற்கவில்லை. நடந்துகொண்டே தோள் மாற்றினார்கள். ஒருவர் விலக மற்றவர் புகுந்துகொள்வது தூளிக்குத் தெரியவில்லை. இரண்டு பேர் முன்னால் ஓடி முள்ளை வெட்டிக்கொண்டு போனார்கள். "கல்லு... வழுக்கு... பள்ளம்..." என்று முன்னால் போகிறவர் சொல்லிக்கொண்டே போக, பின்னால் வருகிறவர் "ஆமாங்க, ஆமாங்க" என்று வாங்கிக்கொண்டே வந்தார். என்னை மெதுவாகத் தூக்கிப் போனதும் இதே பாதையில்தான். நான் கடைசியில் வெறுங்காலுடன் ஓடினேன். யாரும் எனக்காக நிற்கவில்லை.

பாதி மலையில், ஒரு சுனை அருகே, கவுண்டர் வீட்டு அம்மாள் கையைத் தூக்கினாள். இறக்கினார்கள். கூட வந்த பெண்கள் சேலையைப் பிடித்து மறைப்புக் கட்டினார்கள். ஆண்கள் எல்லோரும் கீழ்நாட்டைப் பார்த்துத் திரும்பி நின்றார்கள். கவுண்டர் டோலிக் கயிற்றின் நுனியைக் கையில் சுற்றுவதும் அவிழ்ப்பதுமாக இருந்தார். நான் எங்கே நிற்பது என்று தெரியவில்லை. மஞ்சு விலகி, கீழே ஏரிகளும் வயல்களும் சின்னச் சின்னதாகத் தெரிந்தன. குழந்தை அழும் சத்தத்துக்காகக் காத்திருந்தேன். சுனைத் தண்ணீர் விழும் சத்தம்தான் கேட்டது.

கடைசியில் அந்த அம்மாள் வெளியே வந்தாள்.

"பொட்டப்புள்ளைங்க சாமி" என்றாள்.

போன மரியாதை திரும்பி வந்துவிட்டது. அதைக் கேட்டதுமே எனக்குத் தெரிந்துபோயிற்று. மேற்கொண்டு அவள் எதுவும் சொல்லவேண்டியிருக்கவில்லை. சற்று நேரம் மூச்சு இருந்ததாகப் பின்னால் சொன்னார்கள். எவ்வளவு நேரம் என்று நான் கேட்கவில்லை.

கவுண்டர் தலையில் கட்டியிருந்த புதுத் துண்டை, பண்டிகைக்கு எடுத்ததை, அவிழ்த்துக் கொடுத்தார். முள் வெட்டக் கொண்டு வந்த ஆயுதத்தால் ஒரு நெல்லி மரத்தடியில் தோண்டினார்கள். எல்லாம் சீக்கிரம் முடிந்துவிட்டது. இன்னும் பாதி மலை இறங்கவேண்டியிருந்தது. என் மனைவி கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். கவுண்டர் வீட்டு அம்மாள் கடைசி வரை அவள் கையைப் பிடித்துக்கொண்டே வந்தாள்.

அடிவாரத்து ஆஸ்பத்திரியில் அவளைச் சேர்த்தோம். உயிருக்குப் பயமில்லை என்றார்கள். வாசலில் வேப்பமரத்தடியில் பன்னிரண்டு பேரும் குந்தியிருந்தார்கள். தோளெல்லாம் கன்றிச் சிவந்திருந்தது. நான் அவர்களிடம் போனேன். ஒரு மனிதன் எவ்வளவு பட்டாலும் தன் பழைய குணத்தைக் கைவிடுவதில்லை என்பதற்கு அடையாளமாக, சட்டைப் பையிலிருந்து பணத்தை எடுத்தேன்.

"எதுக்குங்க?" என்றார் கவுண்டர்.

"கூலி. நான் பேசியபடி."

முதல் நாளைப் போலவே அவர் இரண்டு கையையும் பின்னால் வைத்துக்கொண்டார். பிறகு, விளங்காதவர்களுக்குச் சொல்வதுபோல் நிதானமாகச் சொன்னார்: "இதுக்குக் கூலி வாங்கீட்டமுன்னா, நாளைக்கு எங்களை ஆருங்க தூக்குவா?"

எழுந்து துண்டு இல்லாத தலையுடன் நடந்தார். மற்றவர்களும் போனார்கள். இருட்டுவதற்குள் மேலே ஏறியாகவேண்டும், மறுநாள் விதைப்பு.

நான் அந்த வேலையை விட்டுவிட்டு, ஆட்களைச் சிரிக்கவைத்துக் கட்டுரை எழுதிப் பிழைக்க வந்தது பிறகு நடந்தது. எங்களுக்கு வேறு குழந்தைகள் பிறந்தன. அந்த நாளைப் பற்றி நானும் என் மனைவியும் ஒரு தடவையும் பேசிக்கொண்டதில்லை. ஆனால் நான் பலா மரத்தடியில் நடத்திய அந்தப் பாடத்தில் எங்கே பிசகு என்று இந்த இருபது வருஷமாகத் தேடிப் பார்த்திருக்கிறேன். பிசகு இல்லை. பாடம் சரியான பாடம். படித்தவர்களும் சரியாகவே படித்தார்கள். அவசரமா என்று கேட்கவும் அவர்களுக்குத் தெரிந்திருந்தது. சொல்லிக்கொடுத்தவனுக்குத்தான் பதில் தெரியவில்லை.

அகராதிக்காரருக்குக் கார்டு இப்படி எழுதினேன்: 'கூலி: வேறு எந்த முறையிலும் கேட்பதற்கு வழியில்லாதவர்களிடம் வேலை கேட்கும்போது கொடுப்பது. கொல்லிமலை வழக்கு.' பொருளை இப்படிச் சுற்றி எழுதினால் அச்சில் ஏறாது என்று அவர் திருப்பி அனுப்பிவிடுவார். அனுப்பட்டும்.

நேற்று இந்தக் கட்டுரையை முதலிலிருந்து கடைசி வரை என் மனைவிக்கு வாசித்துக் காட்டினேன். வழக்கமாக என் கட்டுரைகளில் இரண்டாவது பக்கத்தில் அவள் கண்ணயர்ந்துவிடுவாள். நேற்று முறத்தில் அரிசியை வைத்துக்கொண்டு, கல் பொறுக்கியபடியே முழுக்கக் கேட்டாள். முடிந்ததும் நான் காகிதங்களை அடுக்கிவிட்டு, மூக்குக் கண்ணாடியைத் துடைத்துவிட்டு, வேலி ஓரத்தில் பேசியது உள்ளே உனக்குக் கேட்டதா என்று கேட்டேன். இருபது வருஷம் கேட்காத கேள்வி.

"நல்லாக் கேட்டுதுங்க. சுவத்துக்கு இந்தப் பக்கந்தான படுத்திருந்தேன்."

"ஒரு குரல் கொடுத்திருக்கலாமே. கவுண்டர் ஓடி வந்திருப்பாரே."

அவள் ஒரு கல்லைப் பொறுக்கி ஓரமாக வைத்தாள்.

"நீங்க பேசுன தோரணைக்கு, டோலி உங்க ஆபீசரைக் கூட்டியாரக் கீழ போகுதாக்கும்னு நெனச்சேனுங்க. அவரு வந்து சேந்தப்பறம் நமக்குக் கேப்பீங்கன்னு படுத்துட்டேன்."